போக, வர

சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில்
தவணை முடிந்து தங்கையாவின் குழியைத் திறந்தபோது
பக்கத்தில் கைகட்டி நின்றீர்கள்.
தோண்டுகிற பையன் எலும்புகளைச் சாக்கில் போட்டான்.
கல்யாணத்துக்கு எடுத்த டெரிலின் சட்டை மட்டும்
பித்தான் ஒன்று குறையாமல்
அப்படியே கிடந்தது.

ஆன்டாப் ஹில் வரும்வரை பேசவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள்:
"என்னை எரிச்சிரு, கிருபா.
அடுத்தவனுக்கு இடம் காலி பண்ற வேலையை
நானே முடிச்சிட்டுப் போறேன்."

மாட்டுங்கா பணிமனையில்
முப்பத்தொரு வருஷம் உலை முன் நின்றவர்.
நெருப்பென்றால் நரகம்தான் என்று யாராவது தொடங்கினால்
"அது வேற டிபார்ட்மென்ட்" என்பீர்கள்.

ஜெபமணி மைனி நாசரேத்திலிருந்து போனில் அழுதாள்.
எக்காளம் ஊதும்போது
என் தம்பி எதை உடுத்திக்கொண்டு எழும்புவான்?
தோணியோடு போன உங்கள் மாமனாரை
மீன் தின்றதே மைனி, அவர் எழும்ப மாட்டாரா
என்று நாக்கு நுனிவரை வந்தது.
கேட்கவில்லை.
அவள் பயத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

கீழ்வீட்டு பிலோமினா சொன்னாள்:
எங்கள் சபையில் எரிக்கலாம்.
தூவக் கூடாது, பங்கு வைக்கக் கூடாது,
வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளவும் கூடாது.
ரத்தினராஜ் ஐயர் சொன்னார்:
நமக்குத் தடை இல்லை. வழக்கமும் இல்லை.
இரண்டுக்கும் நடுவே
அவர் தேநீரில் ஆடை படிந்தது.

சயான் மின்மயானத்தில் ஒரு படிவம்.
சடங்கு செய்பவர் பெயர்?
ரத்தினராஜ் ஐயர் என்றேன்.
குமாஸ்தா பூணூலைத் தேடி நிமிர்ந்தார்.
வெள்ளை அங்கியையும் சிலுவையையும் கண்டு
எழுதியதை அடிக்காமல்
பேனாவை மட்டும் மூடிவைத்தார்.
நீங்கள் இருந்திருந்தால்
ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

தலை எந்தப் பக்கம்? என்றான் உலைக்காரன்.
கால் கிழக்கே, எழும்பும்போது விடியலைப் பார்க்கும்படி
என்று ஐயர் விளக்கினார்.
உலையின் வாய் வடக்கே பார்த்திருந்தது.
யாரிடமும் பதில் இல்லை.
அவனே ஒரு பக்கத்தை முடிவு செய்தான்.

ஒரு பிடி மண் போட்டுப் பழகிய கைகள்
என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.
தரை முழுக்க டைல்ஸ்.
ஐயர் புத்தகத்தை விரித்தார்.
மண்ணைச் சொல்லிக் கடந்தவர்
சாம்பலில் தடுக்கி நின்றார்.
எத்தனையோ குழியோரத்தில் வாசித்த சொல்.
சாம்பல் புதன்தோறும் எங்கள் நெற்றியில்
அவரே பூசிவிட்ட சொல்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

கதவு இறங்கியது.
லிஃப்ட் மூடுகிற சத்தம்தான்.
வேறொன்றுக்காகக் காதைத் தீட்டியிருந்தேன் போல.

மறுநாள் உங்களை வாங்கிக்கொண்டேன்.
மூடியில் அரக்கு வைத்த டப்பா,
அதற்கு ஒரு துணிப்பை.
தங்கையாவின் மாடத்தில் இடம் இருக்கிறதாம்.
அடுத்தவனுக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை நீங்கள்.

ஜி.டி.பி. நகர் கவுன்டரில் கூட்டம்.
வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்குச்
சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய்,
என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது:
சிவ்ரி, ரெண்டு ரிட்டர்ன்.

பெண்கள் பெட்டியில் உங்களை மடியில் வைத்திருந்தேன்.
மீன்கூடைக்காரி காலை ஒடுக்கி இடம் விட்டாள்.
திரும்பும்போது மடி லேசாக இருந்தது.
டிக்கெட்டை யாரும் கேட்கவில்லை.

இன்னும் வேதப்புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.
மை மங்கிவிட்டது.
சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது:
பெரியவர்கள் இரண்டு.
போக, வர.